அமெரிக்க மாதிரி: ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியரின் பதில்கள்

வாசகர்களின் கேள்விகளுக்கு இம்முறை பதிலளிப்பவர், குமரி மாவட்டத்துப் பள்ளிகளில் முப்பத்து நான்கு ஆண்டுகள் வரலாறும் குடிமையியலும் கற்பித்து ஓய்வுபெற்ற ஆசிரியர். பதில்கள் 2025 டிசம்பர் நடுவில் எழுதப்பட்டவை.

கேள்வி: சார், நான் உங்கள் பழைய மாணவன். அமெரிக்காவை மக்களாட்சியின் முன்மாதிரி என்று வகுப்பில் சொன்னீர்கள். இன்று கற்பித்தாலும் அப்படியே சொல்வீர்களா? (தக்கலை வாசகர்)

சொன்னது உண்மைதான். ஆனால் 'அமெரிக்க மாதிரி' என்பது இந்த மண்ணில் ஒரு காலத்தில் வசைச்சொல்லாக இருந்தது என்பதை அன்று உங்களுக்குச் சொல்லாமல் விட்டது என் பிழை. பாடநூலில் இல்லை என்பதால் நானும் கடந்துவிட்டேன்.

1946-இல் அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நம் நான்கு தாலுகாக்களும் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தன. அரசரின் முதன்மை அமைச்சரான திவான் சர் சி. பி. ராமசாமி ஐயர் அவ்வாண்டு முன்வைத்த அரசியல் சீர்திருத்தத்தில் வயதுவந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை இருந்தது, மக்கள் தேர்ந்தெடுக்கும் சட்டமன்றமும் இருந்தது. ஆனால் அந்தச் சட்டமன்றத்தால் திவானை அசைக்க முடியாது. சட்டமன்றத்தால் நீக்க முடியாத நிர்வாகம் அமெரிக்காவிலும் உண்டே என்று காட்டியதால் அத்திட்டத்துக்கு 'அமெரிக்கன் மாடல்' என்று பெயர் விழுந்தது. அதை அரபிக்கடலில் எறிவோம் என்ற முழக்கம் ஆலப்புழைப் பக்கம் எழுந்தது. அவ்வாண்டு அக்டோபரில் புன்னப்பிராவிலும் வயலாரிலும் தொழிலாளர்கள் கூட்டங்கூட்டமாகச் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். என் தந்தையார் அந்த முழக்கத்தை மலையாளத்திலேயே சொல்லிக் காட்டுவார். அமெரிக்கா எங்கே இருக்கிறது என்று தெரியும் முன்பே, கடலில் எறிய வேண்டிய ஒரு பொருள் அது என்றுதான் எனக்கு அறிமுகமாயிற்று.

திவானின் ஒப்புமை நேர்மையானதன்று. அமெரிக்கக் குடியரசுத் தலைவரை மக்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். திவானை அரசர் நியமித்தார். அந்த வேறுபாடு சிறியதன்று. ஆனால் அமெரிக்க அமைப்பில் திவானின் கண்ணுக்குப் பிடித்தது எது என்பதைக் கவனியுங்கள்: ஒருமுறை அமர்ந்தவரை நான்கு ஆண்டுகளுக்கு எழுப்ப முடியாது என்ற உறுதி. நம் நாட்டில் 1999 ஏப்ரலில் வாஜ்பாயி அரசு ஒரே ஒரு வாக்கில் கவிழ்ந்தது. அமெரிக்காவிலோ ஆண்ட்ரூ ஜான்சன் 1868-இலும், கிளிண்டன் 1998-இலும், டிரம்ப் 2019-இலும் 2021-இலும் கீழவையால் குற்றஞ்சாட்டப்பட்டார்கள். மேலவையான செனட்டில் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு சேராததால் ஒருவரும் பதவி இழக்கவில்லை. நிக்சன் 1974-இல் தாமாக விலகிக்கொண்டார். இருநூற்று முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பதவிநீக்கம் என்ற அந்தக் கதவு ஒருவருக்கும் முழுதாகத் திறந்ததில்லை.

ஆகவே இன்று வகுப்பெடுத்தால் 'முன்மாதிரி' என்று சொல்லமாட்டேன். அமர்ந்திருப்பவரை எழுப்ப முடியாத அமைப்பில் அவர் கையைப் பிடிக்கும் வேலை முழுவதும் காங்கிரஸையும் நீதிமன்றத்தையுமே சாரும் என்றும், அவர்கள் பிடிக்க மறுத்தால் சட்டப்புத்தகம் எழுந்து வந்து பிடிக்காது என்றும் சொல்லிக்கொடுப்பேன். (காங்கிரஸ் என்பது அங்கே கட்சியன்று, நாடாளுமன்றம். இதை ஒவ்வோர் ஆண்டும் வகுப்பில் இரண்டு முறையாவது சொல்ல வேண்டியிருந்தது.)

கேள்வி: எங்கள் வீட்டில் இறால் வியாபாரம். ஒரே மனிதர் ஒரு தாளில் கையெழுத்திட்டு நம் சரக்குக்கு 50 சதவீத வரி போட முடிகிறதே, அது எப்படி? (குளச்சல் வாசகர்)

முடியக் கூடாது என்றுதான் அவர்களுடைய அரசமைப்புச் சட்டம் சொல்கிறது. முதல் பிரிவின் எட்டாம் உட்பிரிவு, வரியும் சுங்கமும் விதிக்கும் அதிகாரத்தைக் காங்கிரஸுக்குக் கொடுத்திருக்கிறது, குடியரசுத் தலைவருக்கு அன்று. வரி விதித்ததற்காக ஓர் அரசரோடு சண்டையிட்டுப் பிறந்த நாடு வேறு எப்படி எழுதும்?

அந்த அதிகாரம் கை மாறிய கதை நீளமானது. 1930-இல் ஸ்மூட்–ஹாலி சட்டத்தின் மூலம் காங்கிரஸ் தானே ஏராளமான பொருள்களுக்குச் சுங்கத்தை உயர்த்தியது; மற்ற நாடுகள் பதிலுக்கு உயர்த்த, உலக வணிகம் சுருங்கியது. அந்தச் சூடு பட்ட பிறகு 1934 முதல், பிற நாடுகளோடு பேசிச் சுங்கத்தைக் குறைக்கும் வேலையைக் காங்கிரஸ் சிறிது சிறிதாகக் குடியரசுத் தலைவரிடம் ஒப்படைத்தது. 1977-இல், நெருக்கடி நிலை அறிவித்தால் வெளிநாட்டுப் பொருளாதார நடவடிக்கைகளை ஒழுங்குபடுத்தலாம் என்று வேறொரு சட்டத்தையும் இயற்றிக் கொடுத்தது. 'ஒழுங்குபடுத்தலாம்' என்ற அந்தச் சொல்லுக்குள் வரியும் அடங்கும் என்று இன்றைய அரசு பொருள்கொண்டிருக்கிறது. அப்படித்தான் இந்தியச் சரக்குகள் மீது 2025 ஆகஸ்ட் 7 முதல் 25 சதவீதமும், ரஷ்ய எண்ணெய் வாங்குவதைக் காரணம் காட்டி ஆகஸ்ட் 27 முதல் மேலும் 25 சதவீதமும் வந்தன. கீழ்நிலை நீதிமன்றங்கள் இப்பொருள்கோடலை ஏற்கவில்லை. உச்ச நீதிமன்றம் நவம்பர் 5 அன்று வாதங்களைக் கேட்டிருக்கிறது, இதை எழுதும் 2025 டிசம்பர் நடுவில் தீர்ப்பு வரவில்லை.

சுங்கத்தை அமெரிக்கத் துறைமுகத்தில் கட்டுபவர் அங்கே இறக்குமதி செய்யும் வியாபாரி. ஆனால் கட்டிய கையோடு அவர் இங்குள்ள ஏற்றுமதியாளரிடம் விலையைக் குறைக்கச் சொல்வார், ஏற்றுமதியாளர் உங்களிடம் சொல்வார், நீங்கள் துறையில் ஏலத்தில் குறைப்பீர்கள். இந்திய இறாலுக்கு அமெரிக்காவே மிகப் பெரிய சந்தை என்பதால் இந்தச் சங்கிலி நம் கடற்கரை வரை இழுக்கிறது. வாஷிங்டனில் யாரைக் குறை சொல்வது என்று கேட்டால், கையெழுத்திட்டவரைவிடத் தொண்ணூறு ஆண்டுகளாகச் சாவியைக் கைமாற்றிக்கொண்டே வந்தவர்களைத்தான் முதலில் சொல்வேன்.

கேள்வி: 43 நாள் அமெரிக்க அரசு மூடிக் கிடந்தது என்று படித்தேன். அரசை எப்படி மூட முடியும்? (நாகர்கோவில் கல்லூரி மாணவி)

அக்டோபர் 1 முதல் நவம்பர் 12 வரை. அவர்கள் வரலாற்றிலேயே அதுவரை இதுதான் நீண்டது. அதற்கு முன் 2018–19-இல் 35 நாள். காங்கிரஸ் ஒதுக்காத பணத்தை அரசு அலுவலர் செலவிடக் கூடாது என்று 1884 முதலே சட்டம் உண்டு. ஆனால் ஒதுக்கீடு தாமதமானால் அலுவலகத்தையே மூட வேண்டும் என்று கண்டிப்பாகப் பொருள் சொன்னவர் 1980-இல் இருந்த அட்டர்னி ஜெனரல். ஆக, இந்தக் கதவடைப்பு முன்னோர் வகுத்த வழக்கமன்று. என் பணிக்காலத்துக்குள் பிறந்த வழக்கம். இந்த ஆண்டு மருத்துவக் காப்பீட்டு மானியத்தை நீட்டிப்பதா என்பதில் இரு கட்சிகளும் மல்லுக்கட்டின. செனட்டில் விவாதத்தை முடிக்க 60 வாக்கு தேவை என்பதால் பெரும்பான்மைக் கட்சியாலும் தனியாக நகர முடியவில்லை. விமானங்களை வழிநடத்தும் பணியாளர்கள் சம்பளமில்லாமல் வேலைக்கு வந்தார்கள்.

இங்கே இது ஏன் நடப்பதில்லை? பண மசோதா தோற்றால் நம் அரசு கவிழும். கவிழ்ந்தால் தேர்தல் வரும். ஆகவே சண்டைக்கு ஒரு முடிவு உண்டு. முன்னே சொன்ன 1999-ஐ மறுபடி எடுத்துக்கொள்ளுங்கள்: அரசு தோற்றுப்போன பின்னும் எல்லாக் கட்சிகளும் இசைந்து அவ்வாண்டு நிதிநிலை அறிக்கையை விவாதமே இல்லாமல் நிறைவேற்றின. விவாதமில்லாமல் பணம் ஒதுக்குவது பெருமைப்படத்தக்கதா என்று நீங்கள் கேட்டால் நான் தலையைச் சொறிவேன். ஆனால் மறுமாதம் ஆசிரியர்களுக்குச் சம்பளம் வந்தது.

கேள்வி: என் மகளும் மருமகனும் டெக்சாஸில் ஹெச்-1பி விசாவில் இருக்கிறார்கள். குழந்தை பிறக்கப் போகிறது. குடியுரிமை கிடைக்குமா கிடைக்காதா என்று வீட்டில் ஒரே பேச்சு. (மார்த்தாண்டம் வாசகி)

அம்மா, முதலில் நல்லபடியாகப் பிரசவம் ஆகட்டும். 1868-இல் நிறைவேறிய பதினான்காம் திருத்தம், அமெரிக்க மண்ணில் பிறந்து அதன் ஆளுகைக்கு உட்பட்ட எல்லோரும் குடிமக்கள் என்கிறது. அடிமைகளாக இருந்தவர்களின் பிள்ளைகளுக்காக எழுதப்பட்ட வரி அது. 1898-இல் வோங் கிம் ஆர்க் என்ற சீனப் பெற்றோரின் மகன் தொடுத்த வழக்கில், குடியுரிமை பெற முடியாத பெற்றோருக்குப் பிறந்தவருக்கும் அது பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பதவியேற்ற 2025 ஜனவரி 20 அன்றே டிரம்ப் இட்ட ஆணை, தாய் ஹெச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருந்து, தந்தையும் குடிமகனாகவோ நிரந்தரக் குடியிருப்பு உரிமை உள்ளவராகவோ இல்லையென்றால் குழந்தைக்குக் குடியுரிமை இல்லை என்கிறது. நீதிமன்றங்கள் அதை நடைமுறைக்கு வரவிடாமல் நிறுத்தி வைத்திருக்கின்றன. இந்த டிசம்பர் 5 அன்று உச்ச நீதிமன்றம் வழக்கை எடுத்துக்கொண்டது. ஆகவே இதை எழுதும் 2025 டிசம்பர் நடுவில் பழைய விதியே நடக்கிறது. உங்கள் மகளுக்கான ஆலோசனையை அங்குள்ள குடிவரவு வழக்கறிஞரிடம் கேளுங்கள். நான் குடிமையியல் வாத்தியார் மட்டுமே.

ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்கிறேன், இதைக் கேட்டு நம்மவர்கள் பலர் முகம் சுளிப்பார்கள். மண்ணில் பிறந்தாலே குடிமகன் என்ற விதி இந்தியாவிலும் இருந்தது. 1987 ஜூலை 1 முதல் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும் என்று மாற்றினோம். 2004 டிசம்பரில் இன்னும் இறுக்கினோம். சாதாரணச் சட்டத்திருத்தத்திலேயே அது முடிந்தது, திண்ணையில்கூட யாரும் பேசியதாக எனக்கு நினைவில்லை. அங்கோ அரசமைப்பிலேயே எழுதியிருப்பதால் ஓர் ஆணைத்தாளால் அதை அழிக்க முடியுமா என்று நாடே நீதிமன்ற வாசலில் நிற்கிறது.

கேள்வி: குறைவான வாக்கு பெற்றவர் வெல்வது நியாயமா? (தோவாளை வாசகர்)

நியாயமில்லை. 2016-இல் ஹிலாரி கிளிண்டன் 28 லட்சத்துக்கும் அதிகமான வாக்குகள் கூடுதலாகப் பெற்றும் தோற்றார். 2000-இல் அல் கோருக்கும் அதே கதி, புளோரிடாவில் 537 வாக்கில். மக்கள் மாநிலவாரியாகத் தேர்ந்தெடுக்கும் 538 வாக்காளர் குழு உறுப்பினர்களே குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள்; அவர்களில் 270 பேரைப் பிடித்தவரே வெல்வார். (2024-இல் டிரம்ப் 312 பெற்றதோடு மக்கள் வாக்கிலும் முந்தினார் என்பதால் இப்போது யாரும் இதைப் பேசுவதில்லை.)

அதைவிட என்னை உறுத்துவது செனட். 2011 கணக்கெடுப்பின்படி நம் மாவட்டத்தில் 18.7 லட்சம் பேர். வயோமிங் மாநிலத்தில் 2020-இல் 5.77 லட்சம் பேர்தான், அதாவது நம் மாவட்டத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அவர்களுக்கு இரண்டு செனட்டர். ஏறக்குறைய நான்கு கோடிப் பேர் வாழும் கலிபோர்னியாவுக்கும் இரண்டே. அமைச்சர்களையும் நீதிபதிகளையும் ஏற்பதும் மறுப்பதும் இந்த அவைதான். ஒரு மாநிலத்தின் சம உரிமையை அதன் சம்மதமின்றிக் குறைக்க முடியாது என்று அரசமைப்பிலேயே பூட்டியும் வைத்திருக்கிறார்கள்.

கேள்வி: டிரம்ப் மூன்றாம் முறை வர முடியுமா? (கொட்டாரம் வாசகர்)

இரண்டு முறைக்கு மேல் தேர்ந்தெடுக்கப்பட முடியாது என்று 1951-இல் உறுதியான இருபத்திரண்டாம் திருத்தம் சொல்கிறது. அதை மாற்ற 38 மாநிலங்கள் இசைய வேண்டும்.

கேள்வி: அமெரிக்காவிடம் பாராட்ட ஒன்றுமே இல்லையா ஐயா? (இரணியல் வாசகர்)

உண்டு. நம்மைப் போல நாடு முழுமைக்கும் ஒரே தேர்தல் ஆணையம் அங்கே கிடையாது. மாநிலங்களும் கவுண்டிகளும் (நம் மாவட்டங்களைப் போன்றவை) தத்தம் தேர்தலை நடத்துகின்றன, பல இடங்களில் நடத்துபவரே கட்சிக்காரர். இது கேட்டினைக் கொண்டுவரும் ஏற்பாடு என்று பல ஆண்டுகள் நினைத்திருந்தேன். 2020 தேர்தலில் ஜார்ஜியாவை 11,779 வாக்கில் இழந்த டிரம்ப், 2021 ஜனவரி 2 அன்று அம்மாநிலத் தேர்தல் பொறுப்பாளரான பிராட் ராஃபென்ஸ்பர்கரைத் தொலைபேசியில் அழைத்து, வெல்லத் தேவையான வாக்குகளைக் கண்டெடுக்குமாறு வற்புறுத்தினார். அழைத்தவரும் கேட்டவரும் ஒரே கட்சி. ராஃபென்ஸ்பர்கர் மறுத்துவிட்டார். அவரைப் பதவியில் அமர்த்தியது வாஷிங்டன் அன்று, ஜார்ஜியா வாக்காளர்கள். ஆகவே வாஷிங்டனால் அவரை இடமாற்றம்கூடச் செய்ய முடியாது. நம் ஊரில் ஒரு தாசில்தாருக்கு வாய்க்குமா அந்தத் துணிச்சல்? தலைமையாசிரியராக இருந்த எனக்கு வாய்த்ததில்லை. ஒருமுறை மேலிடத்துத் தொலைபேசி வந்ததும் ஒரு மாணவர் சேர்க்கையை மாற்றி எழுதியிருக்கிறேன்.

கேள்வி: நீங்கள் எந்தக் கட்சி பக்கம்? அடுத்து எதைக் கவனிக்க வேண்டும்? (பூதப்பாண்டி வாசகர்)

எனக்கு அங்கே வாக்கு இல்லை, ஆகவே கட்சியும் இல்லை. கவனிக்க வேண்டியது 2026 நவம்பர் 3. கீழவையின் 435 இடங்களுக்கும் செனட்டின் 35 இடங்களுக்கும் அன்று தேர்தல். நடுவில் நீக்க முடியாதவரை நடுவில் கட்டிப்போட மக்களுக்கு இருக்கும் ஒரே வாய்ப்பு அதுதான்; எதிர்க்கட்சி ஓர் அவையைப் பிடித்தாலும் பணப்பையின் வாய் அதன் கைக்கு வந்துவிடும். டெக்சாஸ் இப்போதே தொகுதி எல்லைகளைத் தனக்கேற்ப மாற்றி வரைந்திருப்பதும், பதிலுக்குக் கலிபோர்னியா வாக்கெடுப்பு நடத்தித் தானும் மாற்றிக்கொண்டதும் இதனால்தான். கிழக்குக் கரையில் மாலை 7 மணிக்கு வாக்குப்பதிவு முடியும்போது நமக்கு மறுநாள் காலை 5.30. அன்று நடைப்பயிற்சிக்கு என்னை எதிர்பார்க்க வேண்டாம் என்று நண்பர்களிடம் இப்போதே சொல்லிவைத்திருக்கிறேன்.