பேட்டரி கடை வேலையால் வந்ததா இந்த நரம்பு நோய்?

கேள்வி: என் கணவருக்கு 54 வயது. 26 வருடமாக பேட்டரி கடை. பழைய பேட்டரிகளைப் பிரித்து ஈயம் உருக்குவதும் உண்டு. ஆறு மாதமாக வலது கையால் சட்டைப் பொத்தான் போட முடியவில்லை, கைச் சதை வற்றிவிட்டது. மோட்டார் நியூரான் நோய் என்கிறார்கள். ஈயப் புகைதான் காரணமா? மகனும் அதே கடையில்தான் இருக்கிறான். – வாசகி, சேலம்

பதில்: உங்கள் சந்தேகம் நியாயமானது. ஆனால் காரணத்தைத் தேடும் முன் ஒரு கேள்வி: அவருக்கு ரத்தத்தில் ஈய அளவு பார்த்தார்களா? கேஸ் ஷீட்டில் தொழில் என்ற இடத்தில் 'சுயதொழில்' என்று எழுதிவிட்டு வந்திருப்பீர்கள். பலரும் அப்படித்தான். ஈயம் உருக்குபவர் என்று மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். ஈய நச்சிலும் கை பலவீனமாகும். பெரும்பாலும் மணிக்கட்டைத் தூக்க முடியாமல் கை தொங்கும். தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் படிப்படியாக அழியும் மோட்டார் நியூரான் நோயில் சதை வற்றுவதோடு, தட்டிப் பார்க்கும்போது நரம்பின் அனிச்சை அதிகமாகத் துள்ளும். நாக்கிலும் துடிப்பு தெரியலாம். ஈய நச்சாக இருந்தால் வேலையை நிறுத்திச் சிகிச்சை எடுத்தால் தேற வாய்ப்புண்டு. அதனால்தான் இந்தச் சின்னப் பரிசோதனையை வலியுறுத்துகிறேன். அவர் கடைக்குப் போய்ப் பல மாதம் ஆகியிருந்தால் அதையும் சொல்லுங்கள். ரத்தத்தில் ஈயம் சுமார் ஒரு மாதத்தில் பாதியாகிவிடும், எலும்பிலோ வருடக்கணக்கில் தங்கும்.

சரி, மோட்டார் நியூரான் நோய்தான் என்று உறுதியானால்? ஈயத்தோடு வேலை செய்தவர்களிடம் இந்நோய் சற்று அதிகம் என்று பல ஆய்வுகள் காட்டுகின்றன. பூச்சிமருந்து, புகைப்பழக்கம், தலைக்காயம் இவற்றின் மீதும் சந்தேகம் உண்டு. அமெரிக்காவில் ராணுவத்தில் இருந்தவர்களுக்கு இந்நோய் வந்தால், எந்தப் பொருள் காரணம் என்று நிரூபிக்கச் சொல்லாமலே, 2008 முதல் அதைப் பணியால் வந்ததாக ஏற்று உதவித்தொகை தருகிறார்கள்.

சூழலுக்குப் பங்குண்டு என்பதற்கு எனக்குப் பெரிய சாட்சி பசிபிக் கடலிலுள்ள குவாம் தீவு. 1950களில் அங்குள்ள சமோரோ மக்களிடம் இந்நோய் மற்ற நாடுகளைவிட 50 முதல் 100 மடங்கு இருந்தது. சில பத்தாண்டுகளில் மளமளவென்று குறைந்துவிட்டது. மரபணு அவ்வளவு சீக்கிரம் மாறாது, மாறியது வாழ்க்கைமுறைதான். அவர்கள் சாப்பிட்ட சைக்காட் என்ற பனை போன்ற மரத்தின் விதை மாவைப் பலர் குற்றம் சாட்டினார்கள், ஆனால் வழக்கு இன்னும் முடியவில்லை. நோய் வெளிப்பட ஒன்றன்பின் ஒன்றாக ஆறு படிகள், அதாவது ஆறு பாதிப்புகள், தேவைப்படலாம் என்று 2014இல் ஒரு கணக்கீடு வெளியானது. அப்படியானால் ஈயம் ஒரு படியாக இருந்திருக்கலாம், ஆறு படிகளும் அதுவாகவே இருந்திருக்காது. உங்கள் கணவர் விஷயத்தில் அது இருந்ததா இல்லையா என்று எந்த ஸ்கேனும் காட்டாது. "அந்தக் கடையை அன்றே மூடியிருந்தால்" என்று ராத்திரி முழுக்க யோசிக்காதீர்கள்.

மகன் விஷயம். குடும்பத்தில் வேறு யாருக்கும் இல்லையென்றால் அவருக்கு இந்நோய் வரும் வாய்ப்பு மிகக் குறைவு. இந்நோய் வந்தவர்களில் பத்தில் ஒருவருக்குத்தான் இது பரம்பரையாக வருகிறது. ஆனால் ஈயம் ரத்த சோகை, ரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு எல்லாம் தரும். ஈயம் உருக்குவதை விடச் சொல்லுங்கள். கடையில் டீ, பலகாரம், பீடி எதுவும் கூடாது. வேலைச் சட்டையோடு வீட்டுக்குள் வரக்கூடாது, குழந்தைகள் இருந்தால் கண்டிப்பாக. அவருக்கும் ஈய அளவைப் பாருங்கள்.

கணவருக்கு, நோயின் வேகத்தைச் சற்றுக் குறைக்கும் ரிலுசோல் மாத்திரை பற்றிக் கேளுங்கள். அப்புறம், மூச்சுத்திறன் பரிசோதனையை இப்போதே செய்துவிட்டு, சில மாதத்துக்கு ஒருமுறை திரும்பச் செய்யுங்கள். படுத்தால் மூச்சு முட்டுகிறது, தண்ணீர் குடித்தால் புரையேறுகிறது என்றால் அடுத்த தேதிக்குக் காத்திருக்க வேண்டாம்.