எம்.ஃபார்ம்: எந்தப் பிரிவைத் தேர்ந்தெடுப்பது?

கேள்வி: என் மகள் பி.ஃபார்ம் இறுதியாண்டில் படிக்கிறாள். வேலைக்குச் செல்வதா, எம்.ஃபார்ம் சேர்வதா? சேர்ந்தால் எந்தப் பிரிவு நல்லது?
– வாசகி, செம்பூர், மும்பை

பதில்: மருந்துக் கடையிலோ விற்பனைத் துறையிலோ பணியாற்ற பி.ஃபார்ம் பட்டமே போதும். ஆனால் ஆய்வுக்கூடத்தில் மருந்தை உருவாக்கும் பணியில் உங்கள் மகளுக்கு உண்மையான ஆர்வம் இருக்குமானால், இரண்டாண்டு எம்.ஃபார்ம் படிப்பைத் தயங்காமல் தேர்ந்தெடுக்கலாம். அதற்கு ஜிபேட் என்னும் தேசிய அளவிலான எம்.ஃபார்ம் நுழைவுத் தேர்வு முக்கியம். அதில் தகுதி பெற்று, அங்கீகாரமுள்ள கல்லூரியில் முழுநேரமாகச் சேர்வோருக்கு ஏஐசிடிஇ (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை வழங்குகிறது. நடுத்தரக் குடும்பத்துக்கு இது சிறிய தொகையன்று.

எந்தப் பிரிவுக்கு மவுசு என்று பார்ப்பதைவிட, மகளின் நாட்டத்தைப் பாருங்கள். ஒரு மாத்திரை உடலில் எங்கே, எவ்வளவு வேகமாகக் கரைய வேண்டும் என்று வடிவமைப்பது ஃபார்மசூட்டிக்ஸ். கரைந்த மருந்து உடலில் என்ன செய்கிறது என்று ஆராய்வது மருந்தியல். கருவிகளிலும் துல்லியமான அளவீட்டிலும் விருப்பமுள்ளவர்களுக்கு மருந்துப் பகுப்பாய்வு பொருந்தும். 1933இல் தொடங்கப்பட்ட மாட்டுங்கா ஐசிடியிலும் (வேதித் தொழில்நுட்ப நிறுவனம்) கலீனாவிலுள்ள பம்பாய் ஃபார்மசி கல்லூரியிலும் எம்.ஃபார்ம் உண்டு. எங்கு சேர்வதானாலும், இரண்டாம் ஆண்டு ஆய்வுப் பணிக்கு யார் வழிகாட்டுவார், கருவிகளைத் தாமே இயக்க மாணவர்களை அனுமதிக்கிறார்களா என்பவற்றை அங்கே படிப்பவர்களிடமே கேட்டறியச் சொல்லுங்கள்.