'டீச்சர்' வெறும் அடைமொழிதானா? – கடிதம்

அன்புள்ள சார்,

கேரளத்தின் முன்னாள் சுகாதார அமைச்சர் கே.கே. ஷைலஜா பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். நிபா, கொரோனா என்று விரிவாக எழுதிவிட்டு, அவர் பள்ளியில் பாடம் எடுத்த காலத்தை ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டீர்கள். நான் பாலக்காடு பக்கம் உதவிபெறும் பள்ளி ஒன்றில் அறிவியல் டீச்சர். பதினாறு வருஷ சர்வீஸ். வகுப்பறை அனுபவம் சட்டமன்றத்தில் உண்மையிலேயே கைகொடுக்குமா, இல்லை போஸ்டரில் பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ள மட்டும்தானா? கட்சிக்காரர்கள் என்னைச் சட்டமன்றத் தேர்தலில் நிற்கச் சொல்கிறார்கள், அதனால்தான் கேட்கிறேன். என் பெயர் வேண்டாம்.

அன்புள்ள டீச்சர்,

குட்டு சரியான இடத்தில்தான் விழுந்திருக்கிறது. கண்ணூர் மாவட்டம் சிவபுரம் உயர்நிலைப் பள்ளியில் இருபது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவரை நான் ஒரு வரியில் அடக்கியிருக்கக் கூடாது.

முதலில் கசப்பான விஷயம். நன்றாகப் பாடம் எடுக்கிறார் என்பதற்காக எந்தக் கட்சியும் சீட் கொடுப்பதில்லை. 1996இல் கூத்துப்பறம்பில் அவரை நிறுத்தியதும் ஜெயிக்க வைத்ததும் கட்சி அமைப்பு. மாணவர் இயக்கத்தில் தொடங்கி மாதர் சங்கம் வரை அவர் அலைந்த அலைச்சலுக்குக் கிடைத்த இடம் அது.

ஆனால் உள்ளே போன பிறகு? எட்டு ஏ-யில் நடத்திய ஒளிச்சேர்க்கையை அடுத்த பீரியடில் எட்டு பி-யில் நடத்தும்போது, இப்போதுதான் முதல்முறை சொல்கிறோம் என்பதுபோலச் சொல்ல வேண்டும். கை போர்டில் எழுதிக்கொண்டிருந்தாலும் கவனமெல்லாம் கடைசி பெஞ்சில் இருக்கும். ரொம்ப வேகமாகத் தலையாட்டுகிறவனுக்குத்தான் ஒன்றும் புரியவில்லை என்று உங்களுக்குத் தெரியும். 2018 மே மாதம் கோழிக்கோடு பேராம்பரா பக்கம் நிபா வந்தபோது ஜனங்கள் வீட்டைக் காலிசெய்ய ஆரம்பித்திருந்தார்கள். 17 உயிர்களைக் கொண்டுபோன நோய், பயம் நியாயமானதுதான். ஷைலஜா டீச்சர் அங்கேயே போய், ஊர்க்காரர்களிடம் நேரில் பேசினார். அதை அரசியல்வாதியின் தைரியம் என்றுதான் கட்டுரையில் எழுதினேன். இப்போது யோசித்தால், அது எட்டு பி பழக்கம்.

இன்னொன்று, கேள்வி கேட்பது. 2020 ஜனவரியில் வூகான் செய்தியைப் படித்ததும், இந்த நோய் நமக்கும் வருமா என்று துறையில் இருந்த மருத்துவரிடம் போன் போட்டுக் கேட்டார். அமைச்சர் நாற்காலியில் உட்கார்ந்த பிறகு இப்படி வெகுளியாகக் கேட்க எல்லோருக்கும் வாய் வராது. ஜனவரி 30 அன்று நாட்டின் முதல் கொரோனா நோயாளி திருச்சூரில் உறுதியானபோது, மாநிலக் கட்டுப்பாட்டு அறை ஏற்கனவே வேலையைத் தொடங்கியிருந்தது.

சரி, இதே பழக்கம் காலை வாரிவிடவும் செய்யும். வகுப்பில் டீச்சர் சொன்னால் சொன்னதுதான். அவையில் நீங்கள் சொன்னதைத் தோண்டித் துருவுவதற்கென்றே எதிர்வரிசையில் ஆள் இருக்கும். கொரோனா காலத்துக் கவச உடைகளை அதிக விலைக்கு வாங்கியதாகத் தணிக்கை அறிக்கை 2025இல் குறை சொன்னது. நெருக்கடியில் வேறு வழியில்லை என்பது அவர் தரப்பு. அங்கே 'டீச்சர்' என்ற மரியாதை செல்லாது, கணக்குதான் பேசும்.

தேர்தல்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2011இல் பேராவூரில் தோற்றார், 2021இல் மட்டன்னூரில் 60,963 வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தும் அமைச்சரவையில் இடமில்லை, 2024இல் வடகராவில் மக்களவைக்கு நின்று தோற்றார். பள்ளிக்கூடத்தில் சீனியாரிட்டி என்று ஒன்று இருக்கிறதே, அதை எதிர்பார்த்துக்கொண்டு போகாதீர்கள்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். எம்.எல்.ஏ. ஆன எட்டு வருஷத்துக்குப் பிறகுதான், 2004இல், அவர் விருப்ப ஓய்வு வாங்கினார். உதவிபெறும் பள்ளி ஆசிரியர்கள் வேலையை விடாமலே எம்.எல்.ஏ. ஆகலாம் என்று கேரளச் சட்டத்தில் ஒரு விலக்கு இருந்தது. அந்த விலக்கு செல்லாது என்று 2021 பிப்ரவரியில் கேரள உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. அவருக்குக் கிடைத்த அந்த எட்டு வருஷ அவகாசத்தை நம்பி நீங்கள் இறங்க முடியாது. கட்சிக்காரர்களுக்குச் சரி சொல்வதற்கு முன்னால் சர்வீஸ் புத்தகத்தோடு ஒரு வக்கீலைப் போய்ப் பாருங்கள். பதினாறு வருஷத்துக்கு என்ன பென்ஷன் வரும் என்று ஆபீஸில் கேட்டுவிட்டுப் போனால் இன்னும் நல்லது.