முனிக்கில் நாலு மாதம், நாலு பேர்: சனி ஞாயிறில் எங்கே போவது?

கேள்வி: பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் ஏப்ரல் முதல் ஜூலை முடிய ஜெர்மனியின் முனிக் நகரில் இருக்கப் போகிறேன். கூட மூன்று தோழிகள் வருகிறார்கள். ஒருத்தி சுத்த சைவம். இன்னொருத்தி சிங்கப்பூர் நிரந்தரவாசி, இந்தியக் கடப்பிதழ் வைத்திருக்கிறாள். ஊர் சுற்ற ஆளுக்கு மாதம் 500 வெள்ளிதான் ஒதுக்க முடியும். 20 யூரோவுக்கு விமான டிக்கெட் கிடைக்கும் என்று சீனியர்கள் சொல்கிறார்கள். வாரம் ஒரு நாடு பார்த்துவிடலாமா? ஜூனில் அம்மாவும் தங்கையும் வருகிறார்கள், அவர்களை எங்கே கூட்டிப் போவது? (ஈசூன் வாசகி)

பதில்: பார்த்துவிடலாம். ஆனால் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஏன் என்பதைக் கணக்கிலேயே காட்டுகிறேன்.

20 யூரோ டிக்கெட் பொய்யில்லை, நிஜமாகவே கிடைக்கும். போக வர 40 என்று வையுங்கள். மலிவு விமானங்கள் பெரும்பாலும் நகரத்து விமான நிலையத்தில் இறங்குவதில்லை. பாரிஸ் என்று டிக்கெட்டில் இருக்கும், இறங்குவது 80 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள போவே. பிராங்க்ஃபர்ட் என்று இருக்கும், இறங்குவது 120 கிலோமீட்டர் தள்ளி ஹான். முனிக் பக்கத்திலும் அதே கதைதான்: 'முனிக் மேற்கு' என்று விற்கப்படும் மெம்மிங்கன் நகரிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல். மெர்சிங் போய்ச் சேர்ந்துவிட்டு சிங்கப்பூர் வந்தாச்சு என்று சொன்னால் எப்படியோ, அப்படி. இரு பக்கமும் பேருந்துச் செலவு, பைக்குத் தனிக் கட்டணம் எல்லாம் சேர்த்தால் 40 யூரோ சுலபமாக 100 ஆகிவிடும். அதைவிடப் பெரிய நஷ்டம் நேரம். வெள்ளி மாலையில் கிளம்பி நள்ளிரவில் போய் விழுந்து, ஞாயிறு மதியமே திரும்பக் கிளம்பினால் கையில் மிஞ்சுவது சனிக்கிழமை ஒன்றுதான்.

நானும் இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். முனிக்கில் வேலை பார்த்த முதல் வருடம் 15 யூரோ டிக்கெட் வாங்கிய பெருமையில் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு கிளம்பினேன். விமானம் ஏறும் வாசலில் பையை அளவுப் பெட்டிக்குள் வைக்கச் சொன்னார்கள். சக்கரம் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. டிக்கெட்டின் நாலு மடங்கைப் பைக்குக் கட்டினேன். தப்பு என்னுடையதுதான், அளவை அவர்கள் முன்பே தெளிவாகப் போட்டிருந்தார்கள். அதனால் கிளம்பும்போது பெட்டியே வேண்டாம். பள்ளிக்குக் கொண்டுபோன மாதிரி ஒரு முதுகுப்பை போதும். அளவு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், ஒவ்வொரு முறையும் பாருங்கள்.

சரி, 500 வெள்ளிக்கு வருவோம். ஒரு யூரோ ஏறத்தாழ ஒன்றரை வெள்ளி, ஆக உங்கள் கையில் மாதம் 330 யூரோ. அதில் முதல் செலவு 'டாய்ச்லாண்ட் டிக்கெட்'. 2023 மே மாதம் 49 யூரோவுக்கு அறிமுகமாகி, 2026 ஜனவரியிலிருந்து 63 யூரோவுக்கு விற்கிற மாதச் சீட்டு இது. இது இருந்தால் ஜெர்மனி முழுக்க நகரப் பேருந்து, டிராம், சுரங்க ரயில், வட்டார ரயில் எல்லாவற்றிலும் ஏறலாம். ஐசிஇ, ஐசி போன்ற விரைவு ரயில்களில் மட்டும் செல்லாது. முனிக் இருக்கும் பவேரியா மாநிலத்தில் படிக்கும் மாணவர்களுக்கு இதையே குறைந்த விலையில் தருகிறார்கள். பல்கலைக்கழகத்தில் பதிவு முடிந்ததும் உங்களுக்கும் உண்டா என்று முதல் வேலையாகக் கேளுங்கள். ஒன்று ஞாபகம் வையுங்கள்: இது சந்தா. மாதத்தின் 10ஆம் தேதிக்குள் ரத்து செய்தால்தான் அந்த மாதத்தோடு நிற்கும். ஜூலையில் ஊர் திரும்பிவிட்டு ஆகஸ்டுக்கும் பணம் கட்டிக்கொண்டிருந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

வகுப்புக்குப் போய் வர எப்படியும் ஒரு மாதச் சீட்டு வாங்கத்தான் போகிறீர்கள். அதே சீட்டு சனிக்கிழமை உங்களை மலையடிவாரத்துக்குக் கொண்டுபோகும் என்பதுதான் இதன் அழகு. முனிக் இதற்கென்றே அமைந்த ஊர். நியூரம்பெர்க், ரேகன்ஸ்பர்க், பாஸாவ் எல்லாம் காலையில் போய் இரவு திரும்பலாம். நொய்ஷ்வான்ஸ்டைன் கோட்டைக்கு ஃபூசென் வரை 2 மணி நேரம், அங்கிருந்து பேருந்து. கோட்டைக்கு உள்ளே போகக் கட்டணம் உண்டு, முன்பதிவும் வேண்டும். எதிரே உள்ள மரியென் பாலத்தில் நின்று பார்க்கக் காசில்லை, படத்தில் பார்க்கிற காட்சியும் அங்கிருந்துதான். கூடவே ஒரு வெளிநாடும் இலவசமாகக் கிடைக்கிறது: இந்தச் சீட்டு ஆஸ்திரியாவின் ஸால்ஸ்பர்க் நிலையம் வரை செல்லும். வட்டார ரயிலில் 2 மணி நேரத்துக்குள் போய்விடலாம்.

ஸால்ஸ்பர்க் போகும்போது கடப்பிதழை அறையில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். ஷெங்கன் நாடுகளுக்கு நடுவே எல்லையே இல்லை என்று படித்திருப்பீர்கள். ஜெர்மனி 2024 செப்டம்பரிலிருந்து எல்லா நில எல்லைகளிலும் சோதனை வைத்திருக்கிறது. திரும்பும் ரயிலில் போலீஸ் ஏறி ஒவ்வொருவராகக் கேட்பார்கள். நம்மைப் போன்ற நிறத்தவரிடம் கொஞ்சம் கூடுதலாகவே கேட்பார்கள், சொல்லிவிடுகிறேன். கடப்பிதழும் வசிப்பு அனுமதி அட்டையும் கையில் இருந்தால் அரை நிமிட வேலை.

உங்கள் நிரந்தரவாசித் தோழியின் விஷயத்தை இங்கேயே முடித்துவிடுவோம். ஜெர்மனி தரும் நீண்டகால மாணவர் விசாவோ வசிப்பு அனுமதியோ இருந்தால், அவரும் மற்ற ஷெங்கன் நாடுகளுக்கு 180 நாளில் 90 நாள் வரை போய் வரலாம். குரோவேஷியா 2023இலும், ருமேனியாவும் பல்கேரியாவும் 2025இல் முழுமையாகவும் ஷெங்கனில் சேர்ந்துவிட்டதால் வட்டம் பெரியது. சிக்கல் லண்டனிலும் டப்ளினிலும்தான். சிங்கப்பூர்க் கடப்பிதழுக்கு பிரிட்டன் போக இணையத்தில் இடிஏ அனுமதி வாங்கினால் போதும், அயர்லாந்துக்கு விசாவே வேண்டாம். இந்தியக் கடப்பிதழுக்கு இரண்டுக்கும் விசா எடுக்க வேண்டும். மூவர் டிக்கெட் வாங்கிய பிறகு நாலாவது ஆளுக்கு இது தெரியவந்தால் அந்த மாதம் முழுக்க வீட்டில் மௌனம்தான். லண்டனை இந்த நாலு மாதத்தில் விட்டுவிடுங்கள்.

என் கணக்கு இப்படி: சீட்டுக்கு 63 போக மீதம் சுமார் 265. ஒரே நாளில் போய் வரும் பயணம் மாதத்துக்கு இரண்டு, சாப்பாடு நுழைவுச்சீட்டோடு ஒவ்வொன்றுக்கும் 20 முதல் 25. இரண்டு இரவு தங்கும் பயணம் ஒன்று, அதற்கு 160, 170. மிஞ்சும் 50ஐத் தொடாமல் வைத்தால் ஒரே ஒரு முறை தூரமாக விமானத்தில் போகலாம். நாலாவது வாரம் எங்கேயும் போகாதீர்கள். துணி துவைக்க வேண்டும், பாடமும் படிக்க வேண்டும். முனிக்கின் பினாகோதெக் ஓவியக்கூடங்களுக்கு ஞாயிறன்று நுழைவு 1 யூரோதான், அது போதும்.

தங்கும் பயணத்துக்கு என் முதல் தேர்வு ப்ராக். நேரடிப் பேருந்தில் 5 மணி நேரம் போல ஆகும், முன்கூட்டி வாங்கினால் மலிவு. ரயில்தான் வேண்டும் என்றால் ஒரு தந்திரம் இருக்கிறது. முனிக்கிலிருந்து ப்ராக் போகும் வட்டார ரயிலில் எல்லை நிலையமான ஃபுர்த் இம் வால்ட் வரை உங்கள் மாதச் சீட்டே செல்லும். அங்கிருந்து ப்ராக் வரைக்கும் மட்டும் செக் டிக்கெட் எடுத்தால் போதும். அடுத்தது வியன்னா. அங்கே தங்க விலை அதிகம் என்று பட்டால் ஒரு மணி நேர ரயில் தூரத்தில் ஸ்லோவாக்கியத் தலைநகர் பிராடிஸ்லாவா இருக்கிறது. அங்கே தூங்கி எழுந்து வியன்னாவைப் பார்த்துவிட்டு வரலாம். சுவிட்சர்லாந்து? ஆசைக்கு ஒரு நாள். அதுவும் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லாத நாடு அது. ஜெர்மன் சிம் அட்டையின் டேட்டா அங்கே இலவசமாக இருக்கும் என்று நம்பி யூடியூப் பார்த்துவிடாதீர்கள்.

நாலு பேர் என்பது நல்ல எண்ணிக்கை. விடுதிகளில் நாலு படுக்கை அறைகள் சாதாரணமாகக் கிடைக்கும், வேறு யாரும் வராமல் மொத்தமாக எடுத்துக்கொள்ளலாம். ஐந்தாவதாக ஒருவர் சேர்ந்தால் இந்தக் கணக்கு கெடும், கூடுமானவரை சேர்க்காதீர்கள். பதிவு செய்யும்போது சமையலறை உள்ள விடுதியாகப் பாருங்கள், துண்டுக்கும் படுக்கை விரிப்புக்கும் தனிக் காசா என்றும் பாருங்கள். பல ஊர்களில் ராத்தங்கலுக்கு நகர வரி உண்டு, அது பதிவு விலையில் சேராமல் வாசலில் வந்து நிற்கும். ஆம்ஸ்டர்டாமில் அது அறை விலையில் 12.5 விழுக்காடு.

பணப் பேச்சைக் கிளம்பும் முன் பேசுங்கள். நம் பிள்ளைகளுக்கு இதில்தான் கூச்சம். நாலு பேரில் யார் கையில் குறைவாக இருக்கிறதோ அவருடைய தொகைதான் எல்லோருக்கும் உச்சவரம்பு என்று முதல் வாரமே முடிவு செய்துவிட்டால் யாரும் சாக்குப்போக்குச் சொல்லிப் பின்வாங்க வேண்டியிருக்காது. ஒருவர் பதிவு செய்ய, மற்றவர்கள் அன்றிரவே பேநவ் மூலம் அனுப்பிவிட வேண்டும். 'ஊருக்குப் போய்ப் பார்த்துக்கலாம்' என்ற கடன் சாங்கி விமான நிலையம் வருவதற்குள் பகையாகிவிடும். சிங்கப்பூர் வங்கி அட்டைகள் பலவற்றில் வெளிநாட்டுப் பரிவர்த்தனைக்குக் கட்டணம் பிடிப்பார்கள், யூட்ரிப் மாதிரி பலநாணய அட்டை ஒன்றை எடுத்துப் போங்கள். கடையிலோ ஏடிஎம்மிலோ 'சிங்கப்பூர் வெள்ளியில் கட்டுகிறீர்களா?' என்று திரை அன்பாகக் கேட்கும். வேண்டாம், அந்த ஊர் நாணயத்தையே அழுத்துங்கள்.

சைவத் தோழிக்குப் பட்டினி கிடையாது. ஃபலாஃபல் ரொட்டி ஜெர்மனியில் தெருவுக்குத் தெரு உண்டு, ஒன்று தின்றால் ஒரு வேளை போய்விடும். உண்மையான ஆபத்து ஞாயிற்றுக்கிழமை. ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் அன்று பேரங்காடிகள் மூடிவிடும், பெரிய ரயில் நிலையங்களில் உள்ள கடைகள்தான் கதி. முஸ்தபா கடைப் பழக்கத்தில் வளர்ந்த நமக்கு இது முதல் முறை பெரிய அடி. சனிக்கிழமை மாலையே ரொட்டி, தயிர், பழம் வாங்கிவிடுங்கள். சிறிய ரைஸ் குக்கரும் பருப்புப்பொடியும் ஊறுகாயும் இங்கிருந்தே போகட்டும். குழாய்த் தண்ணீரைத் தைரியமாகக் குடிக்கலாம். பாட்டில் வாங்கினால் அதைத் தூக்கிப் போடாதீர்கள், பேரங்காடி இயந்திரத்தில் போட்டால் 25 காசு வரை திரும்பி வரும்.

அந்த ஒரே விமானப் பயணத்துக்கு நான் பாரிஸையே சொல்வேன். லூவர் அருங்காட்சியகத்தில் ஐரோப்பாவில் வசிக்கும் 26 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு நுழைவு இலவசம். சுற்றுலாப் பயணியாகப் போனால் கிடைக்காத சலுகை, உங்கள் வசிப்பு அட்டைக்குக் கிடைக்கும். நேரத்தை மட்டும் முன்பதிவு செய்யுங்கள். காலையில் மோனா லிசா, மாலையில் கார் து நோர் நிலையத்துக்குப் பின்னால் லா ஷப்பெல். பெயர்ப்பலகையெல்லாம் தமிழ், ஈழத்துக் கடைகள், தோசை, கொத்துரொட்டி. இரண்டு மாதம் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் தின்ற நாக்குக்கு அது தேக்காதான். விமானம் தாமதமானால் சும்மா இருக்காதீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து கிளம்பும் விமானம் நிறுவனத்தின் தவறால் 3 மணி நேரத்துக்கு மேல் தாமதமாகப் போய்ச் சேர்ந்தால், 1500 கிலோமீட்டர் வரையிலான தூரத்துக்கு 250 யூரோ இழப்பீடு கேட்கலாம். டிக்கெட் 20 யூரோவாக இருந்தாலும் அதே தொகைதான். புயல் மழை காரணமென்றால் கிடைக்காது.

தேதி பார்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். கிறிஸ்துவின் விண்ணேற்றத் திருநாளும் திருவுடல் திருநாளும் எப்போதுமே வியாழக்கிழமைதான் வரும், இரண்டுமே பவேரியாவில் விடுமுறை. வெள்ளிக்கிழமை வகுப்பு இல்லையென்றால் நாலு நாள் சேர்ந்து கிடைக்கும். பாரிஸை அதில் ஒன்றில் வைத்து, முனிக் போய் இறங்கிய வாரமே பதிவு செய்துவிடுங்கள். ஊரே கிளம்பும் நாள் என்பதால் பிந்தினால் மலிவு என்ற பேச்சே இல்லை.

அம்மாவும் தங்கையும் வரும்போது அவர்களுக்கு மாதச் சீட்டு வேண்டாம். 'பயர்ன் டிக்கெட்' என்ற ஒருநாள் சீட்டில் 5 பேர் வரை ஒன்றாகப் போகலாம். வார நாளில் காலை 9 மணிக்குப் பிறகு, சனி ஞாயிறில் நாள் முழுக்க. இரண்டு பேருக்கு ஒன்று எடுத்து, நீங்கள் உங்கள் சீட்டோடு கூடவே ஏறி, ஃப்ரைலாசிங்கில் மாறி பெர்க்டெஸ்காடன் போங்கள். அங்கிருந்து பேருந்தில் கோனிக்ஸே ஏரி. 1909 முதல் மின்சாரப் படகுகள்தான் ஓடுகின்றன, அதனால் சத்தமே இருக்காது. நடு ஏரியில் படகை நிறுத்தி, படகோட்டி ஊதுகுழல் ஒன்றை எடுத்து ஊதுவார். எதிர்ப்பாறை அதைத் திருப்பி ஊதும். அம்மாவுக்கு ஒரு ஸ்வெட்டர் எடுத்து வைக்கச் சொல்லுங்கள், ஜூன் மாதம் என்றாலும் தண்ணீர்மேல் குளிரும். மாலையில் கடைசி வட்டார ரயில் எத்தனை மணிக்கு என்று காலையிலேயே பார்த்து, அதற்கு முந்தைய ரயிலைப் பிடியுங்கள். நம் எம்ஆர்டி மாதிரி அடுத்தது மூணு நிமிடத்தில் வராது.