ஆதார் கைரேகைத் தரவு கசிந்தால் உண்மையில் என்ன ஆபத்து? பயோமெட்ரிக்கை லாக் செய்தால் போதுமா?

மத்தியத் தரவுத்தளத்தை யாராவது உடைத்துவிடுவார்களோ என்றுதான் பலரும் கவலைப்படுகிறார்கள். அது வீண் பயம் இல்லை. 2015-ல் அமெரிக்க அரசின் பணியாளர் மேலாண்மை அலுவலகத்திலிருந்து சுமார் 56 லட்சம் பேரின் கைரேகைகள் திருடுபோனது தெரியவந்தது. அவர்களெல்லாம் வேலையை விட்டுப் போனாலும் அந்த ரேகை செல்லுபடியாகும்.

ஆனால் நம் ஊரில் பணம் பறிபோன வழக்குகளில் திரும்பத் திரும்ப வரும் பெயர் ஏஇபிஎஸ். ஆதாரை வைத்து வங்கி முகவரிடம் பணம் எடுக்கும் முறை அது. வங்கியின் பெயர், ஆதார் எண், விரல் மூன்றும் இருந்தால் ஒரு தடவைக்கு 10,000 ரூபாய் வரை எடுக்கலாம். பின் நம்பரும் கிடையாது, ஓடிபியும் கிடையாது. கணக்கில் ஆதார் இணைந்திருந்தாலே பெரும்பாலும் இந்த வசதி தானாகத் திறந்திருக்கும். இப்படி ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது.

வங்கியை ஊகித்துவிடலாம். ஆதார் எண்ணோ ஜெராக்ஸ் கடை, லாட்ஜ், சிம் கடை என்று எங்கும் கிடக்கிறது. ரேகைக்கு மோசடிக்காரர்கள் போன இடம் பத்திரப்பதிவு. கிரயப் பத்திரத்தில் கட்டைவிரல் ரேகை தெளிவாகப் பதிந்திருக்கும். 2018-ல் தெலங்கானாவில், பதிவுத்துறை இணையதளத்தில் இருந்த பத்திரங்களிலிருந்து ரப்பர் ரேகை செய்து ஆயிரக்கணக்கில் சிம் கார்டுகளை ஆக்டிவேட் செய்த வழக்கு வந்தது.

“எல்லாம் என்கிரிப்ட் ஆகி, அதாவது பிறர் படிக்க முடியாத சங்கேதமாகித்தானே போகிறது?” என்று கேட்பார்கள். போகிறதுதான், ஆனால் வைத்ததே போலி விரல் என்றால் அந்தப் போலிதான் பத்திரமாகப் போய்ச் சேரும். அதனால்தான் 2023-ல் உயிருள்ள விரலா என்று பார்க்கும் சோதனையைச் சேர்த்தார்கள். என்கிரிப்ஷனைக் கருவிக்குள்ளேயே செய்யும் எல்1 கருவிகளுக்கும் மாறச் சொன்னார்கள். மோசடி கடினமாகியிருக்கிறது, ஒழிந்துவிடவில்லை.

லாக் செய்ய மைஆதார் தளத்தில் ஆதார் எண், ஓடிபி கொடுத்து உள்ளே போய் பயோமெட்ரிக் லாக்கைத் தேர்ந்தெடுக்க வேண்டும். விரல், கருவிழி, முகம் மூன்றும் முடங்கும். மொபைல் எண் பதிவாகியிருக்க வேண்டும். இல்லையென்றால் முதலில் ஆதார் மையம். ரேஷன் கடையில் கைரேகை வைப்பவர்களும் ஆண்டுதோறும் உயிர்ச்சான்று தரும் ஓய்வூதியர்களும் யோசித்துச் செய்யுங்கள். தற்காலிகமாகத் திறந்தால் பத்து நிமிடத்தில் தானாகப் பூட்டிக்கொள்ளும். வரிசையில் நின்றுகொண்டு திறக்காதீர்கள், முறை வந்ததும் திறங்கள்.

அதே தளத்தில் உங்கள் ஆதார் எப்போது சரிபார்க்கப்பட்டது என்று காட்டும் அங்கீகார வரலாறு உண்டு: கடந்த ஆறு மாதங்களின் 50 பதிவுகள் வரை. லாக் செய்த பிறகு நீங்கள் எங்கும் விரல் வைக்காத நாளில் 330 என்ற பிழைக் குறியீடு தெரிந்தால், யாரோ உங்கள் பயோமெட்ரிக்கில் முயன்று பார்த்திருக்கிறார்கள்.

போதுமா என்றால், விரல் வழியை மட்டும்தான் லாக் அடைக்கும். ஓடிபி வழி திறந்தே இருக்கும். ஒரே எண்ணை வங்கி, வருமான வரி, ரேஷன் எல்லாவற்றிலும் கோத்து வைத்திருப்பதால் அந்தத் தரவுகள் கையில் கிடைப்பவர் ஒன்றோடு ஒன்றைச் சேர்த்துப் பார்க்க முடிகிற சிக்கலுக்கும் லாக் மருந்தில்லை. என் பார்வையில் நெடுங்காலத்தில் பெரிய ஆபத்து அதுதான். நகல் கேட்கும் இடங்களில் கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மாஸ்க்டு ஆதாரைக் கொடுங்கள், ஏற்கும் இடங்களில் ஆதார் எண்ணுக்குப் பதிலாகத் தரும் 16 இலக்கத் தற்காலிக எண்ணான விஐடி. ஏஇபிஎஸ் பயன்படுத்தாதவர்கள் வங்கி ஆப்பில் அதை நிறுத்தலாம். ஆப்பில் இல்லையென்றால் கிளையில் எழுதிக் கொடுங்கள்.

பணம் போய்விட்டால் முதலில் லாக் செய்யுங்கள், உடனே சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள், அன்றே வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். தவறு உங்களுடையதும் வங்கியுடையதும் இல்லாத நிலையில், வங்கியின் தகவல் வந்த மூன்று வேலை நாட்களுக்குள் சொன்னால் இழப்பு உங்கள் தலையில் விழாது என்றது 2017 ஜூலை ரிசர்வ் வங்கி சுற்றறிக்கை. “உங்கள் விரல்தானே பொருந்தியிருக்கிறது” என்று கிளையில் கைவிரிக்கலாம். அங்கீகார வரலாற்றின் பிரதியையும், பணம் எடுத்த நேரத்தில் நீங்கள் வேறு ஊரில் இருந்ததற்கு ஆதாரம் இருந்தால் அதையும் புகாரோடு இணைத்துவிட்டு, ஒப்புகை வாங்காமல் வெளியே வராதீர்கள்.