ரசீது போட்டு விற்ற பதவி

கேள்வி: "வெள்ளைக்காரன் காலத்தில் லஞ்சமும் கிடையாது, சிபாரிசும் கிடையாது, திறமை இருந்தால்தான் பதவி" என்று எங்கள் தாத்தா அடிக்கடி சொல்கிறார். உண்மைதானா?

பதில்: லஞ்சம் எதற்கு? அரசாங்கமே விலை போட்டு விற்றதே! 1871 வரை பிரிட்டிஷ் காலாட்படையிலும் குதிரைப்படையிலும் அதிகாரிப் பதவிகளில் பெரும்பாலானவை காசுக்குத்தான் கைமாறின. ஒரு ரெஜிமென்ட்டையே (படைப்பிரிவையே) நடத்தும் குதிரைப்படை லெப்டினன்ட் கர்னல் பதவிக்கு அரசு விலை 6,175 பவுண்டு. மேஜைக்கு அடியில் தருவது தனி.

கார்டிகன் பிரபு என்று ஒருவர். 1824இல், 26 வயதில் படையில் சேர்ந்தார். ஆறே ஆண்டில் லெப்டினன்ட் கர்னல். போர்க்களத்தை எட்டிக்கூடப் பார்த்ததில்லை. தனக்குக் கீழிருந்த ஒரு கேப்டனைப் பாடாய்ப் படுத்தியதற்காக 1834இல் பதவியைப் பறித்தார்கள். சரி, அத்தோடு ஒழிந்தாரா? குடும்பம் அரண்மனையில் சொல்லிவைத்தது. 1836இல் இன்னொரு ரெஜிமென்ட்டின் தலைமைப் பதவியை வாங்கிவிட்டார். கொடுத்த தொகை 40,000 பவுண்டு என்று ஊரே பேசிக்கொண்டது. தாத்தா கிடையாது என்ற சிபாரிசும் ஆயிற்று!

அங்கேயும் அதே கதைதான். இந்தியாவில் நெடுநாள் வேலை பார்த்த அதிகாரிகளைக் கண்டாலே அவருக்கு இளக்காரம். 1840இல் விருந்து மேஜையில் கறுப்பு பாட்டில் ஒன்று இருந்தது. உள்ளே இருந்தது உயர்ந்த ஒயின். இவரோ மலிவான பீர் என்று நினைத்து, அதை வரவழைத்த கேப்டனைக் காவலில் வைத்தார். ஆண்டு முடிவதற்குள் வேறொரு கேப்டனுடன் துப்பாக்கிச் சண்டை. வழக்கு பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் பிரபுக்கள் சபைக்குப் போனது. சுடப்பட்டவரின் முழுப்பெயரை நிரூபிக்கவில்லை என்று விடுதலை!

இதே காலத்தில் காலின் காம்ப்பெல் என்றும் ஒருவர் இருந்தார். கிளாஸ்கோ தச்சரின் மகன். 1808இல், 15 வயதில் சேர்ந்து ஸ்பெயின் போர்களில் காயம்பட்டவர். லெப்டினன்ட் கர்னல் ஆக அவருக்கு 24 ஆண்டு பிடித்தது. அதற்கும் பணம் கட்ட வேண்டியிருந்தது.

1854 அக்டோபர் 25, ரஷ்யாவுடன் போர் நடந்த கிரிமியாவில் பாலக்லாவா. காலையில் காம்ப்பெல் தன் ஸ்காட்லாந்து வீரர்களை இரண்டே வரிசையாக நிறுத்தி, பாய்ந்துவந்த ரஷ்யக் குதிரைப்படையைத் திருப்பி அனுப்பினார். துறைமுகத்தில் சொந்த உல்லாசப் படகில் இரவைக் கழித்துவந்த கார்டிகன், அன்றே சுமார் 670 குதிரை வீரர்களை ரஷ்யப் பீரங்கிகளுக்கு நேர் எதிரே கூட்டிப்போனார். உத்தரவு தப்பாகப் புரிந்துகொள்ளப்பட்டது. குற்றம் அவருடையது மட்டுமல்ல, தைரியத்தையும் குறை சொல்ல முடியாது. ஆனால் 100 பேருக்கு மேல் செத்தார்கள். மறு ஆண்டே கார்டிகனுக்குக் குதிரைப்படையின் இன்ஸ்பெக்டர் ஜெனரல் பதவி!

1871இல் இந்த வியாபாரத்தை மூடியபோது அதிகாரிகளுக்கு நஷ்டஈடு தந்தார்கள். சட்டவிரோதமாகக் கைமாறிய கூடுதல் தொகையையும் சேர்த்துத்தான்.