லாங் ரன் முடிந்த நாளில் மட்டும் மனக்கட்டுப்பாடு ஏன் காற்றில் போகிறது? பயிற்சியின்போது நேரம் ஏன் நகரவே மாட்டேன் என்கிறது?

மாரத்தானுக்குப் பயிற்சி எடுப்பவர்களில் இதை அனுபவிக்காத ஆளே இருக்க முடியாது. ஞாயிறு காலை 30 கிலோமீட்டர் ஓடிவிட்டு பெசன்ட் நகர் பக்கம் டிபன் சாப்பிட உட்கார்ந்தால், பொங்கல் வடையோடு எழுந்துவிட வேண்டும் என்றுதான் நினைப்பேன். நெய் ரோஸ்ட் எப்போது சொன்னேன் என்றே தெரியாது. இதில் பாதி வெறும் பசி. தசையில் சேமித்திருந்த சர்க்கரையான கிளைக்கோஜன் தீர்ந்த உடம்பு கேட்கத்தான் செய்யும், அதை மனக்கட்டுப்பாட்டின் கணக்கில் எழுதக் கூடாது.

மீதிப் பாதிதான் சுவாரசியம். பிரான்ஸில் 37 டிரையத்லான் (நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த போட்டி) வீரர்களை வைத்து நடந்த ஆய்வு ஒன்று 2019-இல் வெளியானது. ஒரு பிரிவினருக்கு மட்டும் மூன்று வாரம் பயிற்சியை 40 சதவீதம் கூட்டினார்கள். அப்புறம், இப்போதே கொஞ்சம் பணம் வேண்டுமா, பொறுத்திருந்து அதிகமாக வாங்கிக்கொள்கிறீர்களா என்று கேட்டார்கள். கூடுதலாக உழைத்தவர்கள் உடனே கிடைப்பதன் பக்கம் சாய்ந்தார்கள். முடிவெடுக்கும் நேரத்தில் அவர்களுடைய மூளையின் முன்பகுதியில் ஓர் இடத்தின் செயல்பாடும் குறைந்திருந்தது. காசு விஷயத்திலேயே இப்படி என்றால் நெய் ரோஸ்ட் எம்மாத்திரம்!

இது தலைகீழாகவும் நடக்கும். உடற்பயிற்சி ஆய்வாளர் மார்கோராவின் குழு நடத்திய 2009 ஆய்வில், 90 நிமிடம் மூளைக்கு வேலை கொடுத்த பிறகு சைக்கிள் மிதித்தவர்கள் சீக்கிரமே கைவிட்டார்கள். இதயத்திலோ ஆக்சிஜனிலோ குறையில்லை, ‘கஷ்டமாக இருக்கிறது’ என்ற உணர்வுதான் கூடியிருந்தது. ஆபீஸில் மண்டை காய்ந்த நாளில் இன்டர்வல் பயிற்சி (வேகமாகவும் மெதுவாகவும் மாறி மாறி ஓடுவது) வைக்காதீர்கள்.

நேரம் இழுப்பது பெரும்பாலும் கவனத்தால். மூச்சு வாங்கும்போது மனம் முழுக்க தொடை எரிச்சலிலேயே இருக்கும், ஒவ்வொரு நொடியும் தனித்தனியாகத் தெரியும். முழங்கையை ஊன்றி உடம்பை நேராக நிறுத்தும் பிளாங்க் செய்யும்போது ஸ்டாப்வாட்சைப் பார்ப்பது அதை இன்னும் மோசமாக்கும். ஒரு பாட்டைப் போட்டு, பல்லவி திரும்பும்வரை தாக்குப்பிடித்துப் பாருங்கள்.

டிபனை முதல் நாள் இரவே முடிவு செய்துவிடுவேன். ஓட்டம் முடிந்த அன்று அடுத்த போட்டிக்குப் பேர் கொடுப்பதும் இல்லை, ‘இனி ஓடவே வேண்டாம்’ என்று தீர்மானிப்பதும் இல்லை, எல்லாம் செவ்வாய்க்கிழமை பார்த்துக்கொள்ளலாம். ஆனால் செவ்வாய் போய் இரண்டு மூன்று வாரமாகியும் ஷூவைப் பார்த்தாலே எரிச்சல், தூக்கமும் சரியில்லை என்றால் தூரத்தைக் குறையுங்கள். அப்போதும் சரியாகவில்லையா, டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.